வீட்டு மெயில் சர்வர்: அனுப்பிய மெயில் ஏன் போய்ச் சேரவில்லை?

வீட்டில் ஒரு சின்னக் கணினியில் சொந்த டொமைனுக்கு மெயில் சர்வர் வைத்திருப்பவர்களில், மெயில் வரவில்லை என்று சொல்பவர்கள் குறைவு. அனுப்புவதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். திரும்பி வந்த மெயிலில் ஏதோ ஒரு தடைப்பட்டியலின் (மெயில் ஏற்க வேண்டாத ஐ.பி. முகவரிகளின் பட்டியல்) பெயரைப் பார்த்ததும், நேராக அந்தப் பட்டியலின் தளத்துக்குப் போய் "என் ஐ.பி.யை நீக்குங்கள்" என்று படிவம் நிரப்பத் தோன்றும். அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். காரணம் அப்படியே இருந்தால் இன்று நீக்கிய பெயர் நாளை மறுபடி ஏறும். அப்படி நாலைந்து தடவை ஏறி இறங்கிய முகவரிக்கு அடுத்த தடவை பதில் வருவதே கடினம்.

கீழே உள்ளதை அறிகுறிப்படி பிரித்திருக்கிறேன். உங்கள் சர்வரில் தெரிவது எதுவோ அங்கே போய்ப் படியுங்கள். அமைப்புகளின் பெயர்களை போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். எக்ஸிம் போன்றவற்றில் பெயர்கள் மாறும், காரணங்கள் மாறாது.

எதற்கும் முன்னால்: லாகில் அந்த ஒரு வரி

மெயில் லாகை, அதாவது சர்வர் தான் செய்வதைக் குறித்து வைக்கும் கோப்பைத் திறந்து, போகாத மெயிலின் பெறுநர் முகவரியைத் தேடுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் மூன்று இடங்களை நிறுத்திப் படியுங்கள்.

முதலில் "ரிலே" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் முகவரி. உங்கள் சர்வர் உண்மையில் யாரோடு பேசியது என்பது அங்கே தெரியும். அங்கே "நன்" என்று இருந்தால் யாரோடும் பேசவே இல்லை, இணைப்பே கிடைக்கவில்லை. அடுத்து "ஸ்டேட்டஸ்". "சென்ட்" என்றால் எதிர்முனை ஏற்றுக்கொண்டது, "டிஃபர்ட்" என்றால் பிறகு முயற்சிக்கும், "பவுன்ஸ்ட்" என்றால் முடிந்தது, இனி முயற்சிக்காது. கடைசியாக அடைப்புக்குறிக்குள் இருக்கும் வாக்கியம். அது எதிர்முனை சர்வர் தன் வாயால் சொன்னது.

அந்த வாக்கியத்தின் முதல் எண் 2 என்றால் ஏற்பு, 4 என்றால் தற்காலிக மறுப்பு, 5 என்றால் நிரந்தர மறுப்பு. அதற்குப் பின் 5.1.1 என்பதுபோலப் புள்ளி வைத்த மூன்று எண்கள் வரும். நடுவில் 1 இருந்தால் முகவரியில் தவறு, 7 இருந்தால் கொள்கை அல்லது பாதுகாப்புக் காரணம். தடைப்பட்டியல் விவகாரம் ஏறக்குறைய எல்லாமே 5.7 என்றுதான் தொடங்கும். 5.1.1 வந்ததைப் பார்த்து "என்னைத் தடுத்துவிட்டார்கள்" என்று ஒரு நாள் முழுக்க டி.என்.எஸ் (டொமைன் பெயருக்கு ஐ.பி. சொல்லும் அமைப்பு) பதிவுகளைக் குடைந்தவர்கள் உண்டு. பெறுநரின் பெயரில் ஒரு எழுத்து தப்பு, அவ்வளவுதான்.

அறிகுறி: மெயில் கியூவிலேயே (அனுப்பக் காத்திருக்கும் வரிசையில்) கிடக்கிறது, "கனெக்‌ஷன் டைம்டு அவுட்" என்கிறது

ரிலே இடத்தில் "நன்", எந்த டொமைனுக்கு அனுப்பினாலும் இதே கதை. அப்படியானால் உங்கள் இணைய நிறுவனம் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை (சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கும் வாசல்) மூடி வைத்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். உறுதி செய்ய, வீட்டுக் கணினியிலிருந்து டெல்நெட் கட்டளை மூலம் ஏதாவது ஒரு பெரிய மெயில் சேவையின் 25ஆம் போர்ட்டைத் தொட்டுப் பாருங்கள். 220 என்று தொடங்கும் வரவேற்பு வரி வந்தால் வழி திறந்திருக்கிறது. கர்சர் அப்படியே நின்றுவிட்டால் மூடியிருக்கிறது. இரண்டு மூன்று சேவைகளில் பார்த்துவிடுங்கள், ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அவர்கள் இப்படி மூடுவது வேண்டுமென்றே செய்யும் வம்பு இல்லை. வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் நேராக 25ஆம் போர்ட்டில் ஸ்பாமைக் கொட்டிய காலத்தில் தொடங்கிய வழக்கம் இது. சில இடங்களில் கேட்டால் திறந்துவிடுவார்கள், சில இடங்களில் நிலையான ஐ.பி. உள்ள வணிக இணைப்புக்கு மட்டும் திறப்பார்கள். திறக்க மாட்டோம் என்றால் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டாம், வேறு வழி இருக்கிறது. கீழே சொல்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். போகாத மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாட்கள் வரை கியூவில் வைத்து முயற்சிக்கும். அதுவரை அனுப்பியவருக்கு ஒரு தகவலும் வராது, ஏனென்றால் தாமத எச்சரிக்கை இயல்பில் அணைக்கப்பட்டிருக்கிறது. "டிலே வார்னிங் டைம்" என்ற அமைப்பை 4 மணி நேரம் என்று வைத்துவிடுங்கள். வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு, அது வீட்டை விட்டே போகவில்லை என்று ஐந்தாம் நாள் தெரிந்தால் என்ன பயன்?

அப்படியே ரவுட்டரின் வெளிமுகவரியையும் பார்த்துவிடுங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அந்த இணைப்பில் வெளியிலிருந்து யாரும் உங்கள் சர்வரைத் தொட முடியாது. அனுப்புவது இருக்கட்டும், பெறுவதே நடக்காது.

அறிகுறி: தொட்டவுடனேயே 550 அல்லது 554, வாக்கியத்தில் ஒரு பட்டியலின் பெயர்

தடைப்பட்டியல் என்பது ஒரு டி.என்.எஸ் தரவுதான். 1997இல் பால் விக்ஸி தொடங்கிய முதல் பட்டியல் டி.என்.எஸ்ஸுக்கு மாறியதிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை. எதிர்முனை சர்வர் உங்கள் ஐ.பி.யைத் திருப்பிப் போட்டு, அதன் பின்னால் பட்டியலின் பெயரைச் சேர்த்து, டி.என்.எஸ்ஸிடம் கேட்கும். உங்கள் ஐ.பி. 203.0.113.45 என்றால் கேள்வி 45.113.0.203 என்று தொடங்கும். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று பதில் வந்தால் நீங்கள் பட்டியலில் இல்லை. 127.0.0 என்று தொடங்கும் முகவரி பதிலாக வந்தால் இருக்கிறீர்கள்.

அந்தப் பதிலின் கடைசி எண்தான் முக்கியம். அதிகம் பேர் பயன்படுத்தும் ஸ்பாம்ஹாஸின் ஜென் பட்டியல் உண்மையில் பல பட்டியல்களின் தொகுப்பு. எந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்பதை அந்த எண் சொல்லும்.

10 அல்லது 11 வந்தால் அது பி.பி.எல். வீட்டு சர்வர்காரர்கள் முதலில் சந்திப்பது இதைத்தான். இது குற்றச்சாட்டே இல்லை. "இது வீட்டு இணைப்புகளுக்கு ஒதுக்கிய முகவரி, இங்கிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது" என்ற கொள்கை அறிவிப்பு மட்டுமே. நீங்கள் ஒரு மெயில்கூட அனுப்பாவிட்டாலும் இதில் இருப்பீர்கள். 10 என்றால் இணைய நிறுவனமே பதிந்தது, 11 என்றால் ஸ்பாம்ஹாஸ் பதிந்தது. ஐ.பி. நிலையானது, ரிவர்ஸ் பெயரும் (ஐ.பி.யைக் கேட்டால் டி.என்.எஸ் சொல்லும் பெயர்) உங்களுடையது என்றால் நீக்கக் கேட்கலாம். மாறிக்கொண்டே இருக்கும் ஐ.பி.க்கு நீக்கம் கேட்பது வீண், நாளைக்கு வேறு முகவரி வந்துவிடும்.

4 வந்தால் எக்ஸ்.பி.எல். இது கவலைப்பட வேண்டியது. உங்கள் முகவரியிலிருந்து வைரஸ் பிடித்த கருவியின் நடமாட்டம் தெரிந்திருக்கிறது. 3 வந்தால் சி.எஸ்.எஸ்: ஸ்பாம் போலத் தெரியும் மெயில், ஒழுங்கில்லாத ஹலோ பெயர் (சர்வர் தன்னை அறிமுகப்படுத்தும் பெயர்) போன்றவற்றை வைத்துத் தானாகவே சேர்க்கும் பட்டியல். இந்த இரண்டுக்கும் "நீக்கினேன், மறுபடி ஏறிவிட்டது" என்ற பகுதியைப் படியுங்கள். 2 வந்தால் எஸ்.பி.எல், மனிதர்கள் பார்த்துச் சேர்ப்பது. அதில் நீக்கம் கேட்க வேண்டியது முகவரியின் உரிமையாளரான இணைய நிறுவனம். நீங்கள் அவர்களிடம்தான் போக வேண்டும்.

இந்தச் சோதனையை நீங்களே செய்யும்போது, கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டி.என்.எஸ் வழியாகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் 127.255.255.254 என்று பதில் தரும். "பொது டி.என்.எஸ் வழியாக வந்த கேள்விக்குப் பதில் இல்லை" என்பதுதான் அதன் பொருள். 127 என்று தொடங்குவதைப் பார்த்து, பட்டியலில் ஏறிவிட்டோம் என்று பதறுவோம். வீட்டு சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற ஒரு சொந்த ரிசால்வரை (டி.என்.எஸ் கேள்விகளை நேராகக் கேட்டுத் தரும் நிரல்) நிறுவி, அதன் வழியாகவே கேளுங்கள். ஸ்பாம்ஹாஸ் தளத்தில் முகவரியைப் போட்டுப் பார்ப்பது இன்னும் எளிது.

மற்றப் பட்டியல்களைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்பாம்காப் பட்டியலில், புகார்கள் நின்ற 24 மணி நேரத்துக்குள் பெயர் தானாக இறங்கிவிடும், காத்திருந்தால் போதும். பணம் கட்டினால் உடனே நீக்குகிறோம் என்று சொல்லும் பட்டியலுக்கு ஒரு பைசாவும் கட்ட வேண்டாம். நூறு பட்டியல்களில் ஒரே நேரத்தில் தேடித் தரும் தளங்கள் சிவப்பில் காட்டும் எல்லாவற்றுக்கும் ஓட வேண்டாம். உங்கள் லாகில், உண்மையான எதிர்முனை சர்வர் பெயர் சொல்லி மறுத்த பட்டியல் மட்டுமே உங்கள் பிரச்சினை.

சரி, பி.பி.எல்லில் இருக்கிறோம், 25ஆம் போர்ட்டும் மூடியிருக்கிறது. என்ன செய்வது? என் தேர்வு இதுதான்: மெயில் பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும், வெளியே அனுப்புவதை மட்டும் வேறு முகவரி வழியாக விடுங்கள். சின்னதாக ஒரு வி.பி.எஸ். (இணையத்தில் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுத்து, அதில் இன்னொரு போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவுங்கள். வீட்டு சர்வர் அதனிடம் பயனர் பெயர், கடவுச்சொல்லுடன் 587ஆம் போர்ட்டில் கொடுக்கும், அது உலகத்துக்கு 25இல் கொடுக்கும். 587 மூடப்படுவது அரிது. மெயில்கள் உங்கள் வட்டில்தான் இருக்கின்றன, வி.பி.எஸ்ஸில் எதுவும் சேர்வதில்லை. அதையும் நிர்வகிக்க நேரமில்லை என்றால், மெயில் அனுப்பித் தருவதையே தொழிலாகச் செய்யும் ரிலே சேவையில் கணக்குத் தொடங்கலாம். வி.பி.எஸ். எடுக்கும்போது ஒன்று: ஐ.பி. ஒதுக்கிய முதல் ஐந்து நிமிடத்திலேயே அதைத் தடைப்பட்டியல்களில் தேடிவிடுங்கள். முன்பு வைத்திருந்தவர் கெடுத்து வைத்த முகவரி என்றால் உடனே விட்டுவிட்டு வேறு வாங்குங்கள். பல வி.பி.எஸ். நிறுவனங்கள் புதுக் கணக்குகளுக்கு 25ஐ மூடி வைத்திருக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: 550 5.7.25, ரிவர்ஸ் பெயர் பற்றிய புலம்பல்

எதிர்முனை உங்கள் ஐ.பி.யைப் பார்த்து "உன் பெயர் என்ன?" என்று டி.என்.எஸ்ஸிடம் கேட்கிறது. அதற்குப் பதில் தருவது பி.டி.ஆர் பதிவு. பதிலாக வந்த பெயரை வைத்து மறுபடி கேட்டால் அதே ஐ.பி. வர வேண்டும். இரண்டில் எது தவறினாலும் இந்த எண் வரும்.

பலர் இங்கே தடுமாறுவது ஒரே இடத்தில்: பி.டி.ஆரை டொமைன் வாங்கிய தளத்தில் தேடுவது. அங்கே கிடைக்காது. ஐ.பி. யாருடையதோ அவர்கள்தான் பி.டி.ஆர் வைக்க முடியும். வி.பி.எஸ். என்றால் அதன் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். வீட்டு இணைப்பு என்றால் நிறுவனத்திடம் கேட்க வேண்டும், வீட்டு இணைப்புக்குத் தர மாட்டோம் என்பதே வழக்கமான பதில்.

அப்புறம் ஹலோ பெயர். இணைப்பு தொடங்கியதும் உங்கள் சர்வர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பெயர் அது. பி.டி.ஆர் சொல்லும் பெயர், ஹலோவில் சொல்லும் பெயர், அந்தப் பெயரிலிருந்து கிடைக்கும் ஐ.பி. ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தட்டும். "லோக்கல்ஹோஸ்ட்" என்றோ, வீட்டுக் கணினிக்கு வைத்த செல்லப்பெயரையோ ஹலோவில் சொன்னால் பாட்நெட் (வைரஸ் பிடித்த கணினிகளின் கூட்டம்) சொல்வதுபோலவே இருக்கும். "மை ஹோஸ்ட்நேம்" என்ற அமைப்பில் முழு டொமைன் பெயரையும் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை முடிந்தது.

அறிகுறி: அதே ஆளுக்கு ஒரு மெயில் போகிறது, அடுத்தது திரும்பி வருகிறது

இது என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை. காலையில் அனுப்பியது போகும், மதியம் அனுப்பியது 5.7.25 என்று திரும்பும். பி.டி.ஆர் சரி, ஹலோ சரி, தடைப்பட்டியல் எதிலும் இல்லை. மெயிலின் உள்ளடக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து, ஒரே வரியை மாற்றி மாற்றி எழுதி அனுப்பிப் பார்த்தேன்.

கடைசியில் லாகிலிருந்து போனவற்றையும் திரும்பியவற்றையும் இரண்டு பத்தியாகப் பிரித்து வைத்தேன். போனவற்றில் ரிலே முகவரி புள்ளி வைத்த நான்கு எண்கள். திரும்பியவற்றில் முக்காற்புள்ளி வைத்த நீளமான முகவரி. ஐ.பி.வி6! சில வாரங்களுக்கு முன் சர்வருக்குத் தானாக ஒரு ஐ.பி.வி6 முகவரி கிடைத்திருக்கிறது. எதிர்முனைக்கு இரண்டு வகை முகவரியும் இருந்தால், போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பில் எதற்கும் முன்னுரிமை தராமல் ஏதோ ஒன்றை முதலில் எடுக்கும். என் ஐ.பி.வி4 முகவரிக்கு பி.டி.ஆர் இருந்தது. ஐ.பி.வி6க்கு பி.டி.ஆரும் இல்லை, எஸ்.பி.எஃப்பில் (டொமைன் பெயரில் எந்த ஐ.பி. அனுப்பலாம் என்று சொல்லும் டி.என்.எஸ் பதிவு) அதன் பெயரும் இல்லை.

தீர்வு ஒரே வரி. அனுப்பும் பகுதிக்கு ஐ.பி.வி4 மட்டும் போதும் என்று அமைத்துவிடுங்கள், அல்லது "எஸ்.எம்.டி.பி அட்ரஸ் பிரிஃபரன்ஸ்" என்பதை ஐ.பி.வி4 என்று வையுங்கள். ஐ.பி.வி6லும் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் அதற்கும் பி.டி.ஆர் வைத்து, எஸ்.பி.எஃப்பில் சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஐ.பி.வி6 முகவரிகளைப் பட்டியலில் சேர்க்கும்போது தனி முகவரியாக இல்லாமல் ஒரு 64 தொகுதியையே சேர்ப்பது வழக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தத் தொகுதி உங்களுக்கு மட்டும் ஒதுக்கப்படாவிட்டால் பக்கத்து வி.பி.எஸ். செய்த தப்புக்கு நீங்களும் மாட்டுவீர்கள்.

அறிகுறி: 550 5.7.26, "அங்கீகாரம் இல்லாத மெயில்"

எஸ்.பி.எஃப், டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இவை தோற்றால் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் கொள்கை) மூன்றும் இன்று விருப்பத் தேர்வு இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்.பி.எஃப் அல்லது டிகிம் ஏதாவது ஒன்று கட்டாயம். நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். நாம் ஐம்பதுதான் அனுப்புகிறோம் என்றாலும் மூன்றையும் வைத்துவிடுங்கள், ஒரு மாலை வேலைதான்.

வைத்த பிறகும் தோற்கிறது என்றால், உங்கள் ஜிமெயில் கணக்குக்கு ஒரு மெயில் அனுப்பி, அதன் மூலத்தைத் திறந்து, அங்கீகார முடிவுகள் என்ற தலைப்பு வரியைப் படியுங்கள். மூன்றுக்கும் தனித்தனியாக "பாஸ்" அல்லது "ஃபெயில்" என்று இருக்கும்.

எஸ்.பி.எஃப்பில் "பெர்ம்எரர்" என்று வந்தால் இரண்டில் ஒன்று. ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்.பி.எஃப் பதிவுகள் இருக்கும், பழையதை நீக்காமல் புதியதைச் சேர்த்திருப்பீர்கள். ஒன்றுதான் இருக்கலாம், இரண்டையும் ஒரே வரியாக்குங்கள். அல்லது அந்த வரியைச் சரிபார்க்க டி.என்.எஸ்ஸிடம் 10 தடவைக்கு மேல் கேட்க வேண்டியிருக்கும், அதுவே வரம்பு. வி.பி.எஸ். வழியாக அனுப்பத் தொடங்கியவர்கள் அதன் ஐ.பி.யை எஸ்.பி.எஃப்பில் சேர்க்க மறப்பதும் அடிக்கடி நடக்கிறது.

டிகிம் தோற்றால் முதலில் சாவியைப் பாருங்கள். 2048 பிட் சாவி ஒரே சரமாக டி.என்.எஸ் பதிவில் நிற்காது. ஒரு சரத்துக்கு 255 எழுத்துதான் அளவு. இரண்டு மேற்கோள்களாக உடைத்துப் போட வேண்டும். சில கட்டுப்பாட்டுப் பக்கங்கள் தாமாக உடைக்கும், சில பாதியிலேயே வெட்டிவிட்டு மௌனமாக இருக்கும். டிக் கட்டளையால் பதிவை வெளியே எடுத்து, சாவிக் கோப்போடு கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள்.

இன்னொரு டிகிம் சிக்கல் கண்ணுக்கே தெரியாது. ஃபோனிலிருந்து அனுப்பும் மெயிலில் கையொப்பம் இருக்கும். சர்வரே அனுப்பும் மெயிலில், அதாவது பேக்கப் முடிந்தது என்ற அறிவிப்பிலோ வலைத்தளப் படிவத்திலிருந்து வருவதிலோ இருக்காது. காரணம், போஸ்ட்ஃபிக்ஸில் வலை வழியாக வரும் மெயிலுக்கு ஒரு மில்டர் (மெயிலை இடையில் வாங்கிச் சோதிக்கும் அல்லது கையொப்பமிடும் துணை நிரல்) அமைப்பு, உள்ளேயே பிறக்கும் மெயிலுக்கு "நான் எஸ்.எம்.டி.பி.டி மில்டர்ஸ்" என்று வேறொரு அமைப்பு. இரண்டிலும் டிகிம் நிரலின் முகவரியை எழுத வேண்டும்.

டிமார்க்கை "நன்" என்ற கொள்கையுடன் தொடங்கி, அறிக்கைகள் வரும் முகவரி ஒன்றைக் கொடுத்து, சில வாரங்கள் பாருங்கள். உங்கள் பெயரில் எங்கெங்கிருந்து மெயில் போகிறது என்று அதில் தெரியும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் "குவாரன்டீன்", பிறகு "ரிஜெக்ட்" என்று இறுக்கலாம்.

அறிகுறி: 450 அல்லது 451, "பிறகு வா"

ஒன்றும் செய்யாதீர்கள். முன்பின் தெரியாத சர்வரை முதல் தடவை திருப்பி அனுப்பிப் பார்ப்பது கிரேலிஸ்டிங். ஒழுங்கான சர்வர் திரும்ப வரும், ஸ்பாம் நிரல் வராது என்ற நம்பிக்கையில் செய்வது. சில நிமிடங்களில் உங்கள் சர்வர் மறுபடி முயற்சிக்கும், போய்விடும். அவசரப்பட்டு கியூவை நொடிக்கொரு தடவை தட்டுவது கெடுதல்தான் செய்யும்.

அறிகுறி: 250 வந்தது, ஆனால் மெயில் ஸ்பாம் பெட்டியில்

எல்லாம் "பாஸ்", தடைப்பட்டியலும் இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது நற்பெயர். புது டொமைன், புது ஐ.பி. என்றால் உங்களைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது, தெரியாதவரைச் சந்தேகிப்பதே இன்றைய வழக்கம். இதற்குக் குறுக்கு வழி இல்லை. தெரிந்தவர்களுக்குக் கொஞ்சமாக எழுதுங்கள், அவர்களைப் பதில் எழுதச் சொல்லுங்கள், ஸ்பாம் பெட்டியில் விழுந்திருந்தால் "ஸ்பாம் இல்லை" என்று அழுத்தச் சொல்லுங்கள். முதல் நாளே முந்நூறு பேருக்கு அழைப்பிதழ் அனுப்பாதீர்கள்.

சந்தேகம் மெயிலின் உள்ளேயும் இருக்கலாம். இணைப்பு, படம், கையொப்பப் பகுதி எதுவும் இல்லாமல் இரண்டு வரி எளிய உரை அனுப்பிப் பாருங்கள். அது உள்ளே போனால், எடுத்தவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஐ.பி.க்கு இருப்பதுபோல டொமைன்களுக்கும் தடைப்பட்டியல் உண்டு. கையொப்பத்தில் போட்டிருக்கும் ஒரு சுருக்க இணைப்பே மெயிலைக் கவிழ்த்துவிடும்.

உங்கள் மெயிலை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று காட்டும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் கருவியும் மைக்ரோசாஃப்ட்டின் எஸ்.என்.டி.எஸ்ஸும் இலவசம், பதிந்து வையுங்கள். ஆனால் வீட்டு சர்வர் அனுப்பும் சொற்ப அளவுக்கு கூகுள் கருவியில் வரைபடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். காலியாக இருப்பது கெட்ட செய்தி இல்லை.

அறிகுறி: நீக்கினேன், மறுபடி ஏறிவிட்டது

இங்கேதான் பொறுமை வேண்டும். வீட்டு இணைப்பில் சர்வரும் மற்ற எல்லாக் கருவிகளும் ஒரே வெளிமுகவரியைப் பகிர்கின்றன. பட்டியலின் கண்ணுக்கு உங்கள் சர்வர், வீட்டுக்கு வந்த விருந்தாளியின் ஃபோன், பழைய மடிக்கணினி எல்லாம் ஒன்றே. சர்வர் லாகில் எதுவுமே இல்லையே என்று குழம்புவது இதனால்தான்.

ரவுட்டரில் ஒரு விதி போடுங்கள்: மெயில் சர்வரின் உள்முகவரியைத் தவிர வேறு எதுவும் வெளியே 25ஆம் போர்ட்டுக்குப் போகக்கூடாது, போக முயன்றால் குறித்து வை. என் வீட்டில் இதைப் போட்ட இரண்டு மணி நேரத்தில் 192.168.1.23 என்ற ஒரே உள்முகவரியிலிருந்து வரி வரியாக முயற்சிகள் குவிந்தன. டி.வி.யோடு இணைத்திருந்த பழைய பெட்டி அது. பிடுங்கி எடுத்த பிறகு முகவரி மறுபடி ஏறவில்லை.

ஆனால் எக்ஸ்.பி.எல்லில் ஏற 25ஆம் போர்ட் அவசியம் இல்லை. வைரஸ் தன் எஜமானைத் தேடிப் போகும் முகவரிகளை ஆய்வாளர்கள் கைப்பற்றிக் கண்காணிக்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து அங்கே ஒரு கருவி தட்டினாலே போதும். நீக்கும் பக்கத்தில் எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று சொல்லியிருந்தால் அதைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் எந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்தது என்று பாருங்கள். வி.பி.எஸ். வழியாக அனுப்புபவர்களுக்கு இந்தக் கவலை மெயிலைப் பாதிக்காது. நான் அந்த வழியைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவிகள் சுத்தம் என்றால் கணக்குகள். லாகில் அங்கீகாரம் பெற்று அனுப்பிய ஒவ்வொரு மெயிலிலும் பயனர் பெயர் இருக்கும். பெயர் வாரியாக எண்ணிப் பாருங்கள். நாளுக்கு நான்கு மெயில் அனுப்பும் ஒருவர் பெயரில் இரவு 2 மணிக்கு நாலாயிரம் இருந்தால் அவர் கடவுச்சொல் போய்விட்டது. செய்ய வேண்டிய வரிசை முக்கியம்: முதலில் கியூ முழுவதையும் நிறுத்தி வையுங்கள், பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள், பிறகு போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் (மெயில் பெட்டியைத் திறந்து கொடுக்கும் மென்பொருள்) மறுதொடக்கம் செய்யுங்கள், அதன் பிறகு கியூவில் இருக்கும் ஸ்பாமை அழியுங்கள். மறுதொடக்கத்தை விட்டுவிட்டால், ஏற்கெனவே உள்ளே நுழைந்த இணைப்பு புதுக் கடவுச்சொல் தெரியாமலேயே அனுப்பிக்கொண்டிருக்கும்.

அதுவும் இல்லை என்றால் ஃபார்வர்டிங். உங்கள் டொமைனுக்கு வரும் எல்லாவற்றையும் ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டால், வந்த ஸ்பாமையும் நீங்களே அனுப்பியதாகத்தான் கணக்கு. எஸ்.பி.எஃப்பும் உடையும், ஏனென்றால் அனுப்பியவர் பெயர் வேறு, வரும் ஐ.பி. உங்களுடையது. எஸ்.ஆர்.எஸ் முறையில் உறை முகவரியை (சர்வர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் அனுப்புநர் முகவரி) மாற்றினால் எஸ்.பி.எஃப் சரியாகும், கெட்ட பெயர் போகாது. உங்கள் டொமைன் கணக்கை ஃபோனில் நேராகச் சேர்த்துப் படிப்பதே மேல்.

கடைசியாக, இல்லாத பெறுநருக்கு வரும் மெயிலை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு திருப்பி அனுப்புகிறதா உங்கள் சர்வர்? ஸ்பாமில் அனுப்புநர் முகவரி பொய். நீங்கள் திருப்பியது சம்பந்தமே இல்லாத ஒருவருக்குப் போகும், அவர் புகார் செய்வார். பெறுநர் இல்லை என்றால் இணைப்பு இருக்கும்போதே 550 சொல்லி மறுத்துவிட வேண்டும்.

காரணத்தைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு நீக்கம் கேளுங்கள். மூன்று வரி போதும்: என்ன நடந்தது, எப்போது நின்றது, மறுபடி நடக்காமல் என்ன செய்தீர்கள். "நான் ஸ்பாமே அனுப்பவில்லை" என்று மட்டும் எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள்.

அறிகுறி: அனுப்புவது சரி, வரும் மெயில் திடீரென்று நின்றுவிட்டது

இந்தத் தடவை தடுப்பது நீங்கள். உங்கள் சர்வரும் வரும் மெயிலுக்குத் தடைப்பட்டியல் பார்க்கிறது அல்லவா? லாகில் எல்லா அனுப்புநருக்கும் ஒரே பட்டியலின் பெயரில் 554 இருந்தால் அந்தப் பட்டியல் செத்துவிட்டது, அல்லது உங்களுக்குப் பதில் தர மறுக்கிறது.

ஓ.ஆர்.டி.பி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. மூடிய பிறகும் பலர் கேட்டுக்கொண்டே இருந்ததால், 2008 மார்ச்சில் எந்த முகவரியைக் கேட்டாலும் "பட்டியலில் இருக்கிறது" என்று பதில் தரத் தொடங்கியது. பழைய அமைப்பை மாற்றாத சர்வர்கள் எல்லா மெயிலையும் மறுத்தன. சோர்ப்ஸ் பட்டியல் 2024 ஜூனில் மூடப்பட்டது. பல வருடங்களுக்கு முன் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய அமைப்பில் அதன் பெயர் இன்னும் இருக்கலாம், எடுத்துவிடுங்கள்.

மேலே சொன்ன 127.255.255.254 இங்கேயும் கடிக்கும். சர்வரின் டி.என்.எஸ்ஸை யாரோ 8.8.8.8 என்று மாற்றியதும், அந்தப் பிழைப் பதிலையே "பட்டியலில் இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு வரும் ஒவ்வொரு மெயிலையும் சர்வர் மறுக்கும். போஸ்ட்ஃபிக்ஸில் பட்டியலின் பெயருக்குப் பின்னால் எந்தெந்தப் பதிலை ஏற்க வேண்டும் என்று எழுதலாம், 127.0.0.2 முதல் 11 வரை மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள்.

பட்டியல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை தரத்திலேயே இருக்கிறது. 127.0.0.2 எப்போதும் பட்டியலில் இருக்க வேண்டும், 127.0.0.1 எப்போதும் இருக்கக் கூடாது. நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு பட்டியலிடமும் இந்த இரண்டையும் தினமும் ஒரு தடவை கேட்டு, பதில் மாறினால் ஃபோனுக்குத் தகவல் அனுப்பும் சின்ன நிரல் ஒன்றை எழுதி கிரானில் (குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் அமைப்பு) போட்டுவிடுங்கள். தகவல் மெயிலாக வர வேண்டாம், வேறு வழியாக வரட்டும்.